கடலும் காடும் ஒரே பயணத்தில்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கும் என் கணவருக்கும் இரண்டு வாரம் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைக்கிறது. பவளப்பாறைகளையும் மழைக்காட்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. தேடத் தேட நாடுகளின் பெயர்தான் கூடிக்கொண்டே போகிறது. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், இடம் அதிலிருந்தே பெரும்பாலும் அமைந்துவிடும். மழைக்காட்டை மழையிலும் பார்க்கலாம். பாதை சேறாகும், அட்டைகள் பெருகும், துவைத்த துணி காயாது. ஆனாலும் உள்ளே நுழைய வழி இருக்கும். கடல் அவ்வளவு இடம் கொடுப்பதில்லை. பருவக்காற்று மாறிவிட்டால் படகு புறப்படாது; புறப்பட்டாலும், மழைக்கால ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டலால் கரையோரத் தண்ணீர் கலங்கிப்போய், நீட்டிய கைக்குச் சற்று அப்பால் எதுவும் தெரியாது. ஆகவே பயணத் தேதியைக் கடல் தீர்மானிக்கட்டும், காடு அதற்கு இணங்கிக்கொள்ளும் என்பதே இந்தப் பகுதிக்கு எழுதும் எல்லோருக்கும் நான் சொல்வது.

பிப்ரவரி முதல் மே வரை விடுமுறை அமைந்தால் மத்திய அமெரிக்காவின் பெலீஸ் பொருத்தமானது. 1996-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அதன் பவளத்தொடர், அலையாத்திக் காடுகளை அழித்ததாலும் கட்டுக்கடங்காத கட்டுமானத்தாலும் 2009-இல் ஆபத்துக்குள்ளானவற்றின் பட்டியலுக்குத் தள்ளப்பட்டு, கடலில் எண்ணெய் எடுப்பதை அந்நாடு நிறுத்திவைத்த பின்னர் 2018-இல் அதிலிருந்து மீண்டது. தெற்குக் கரையின் ஹாப்கின்ஸ், பிளசென்சியா போன்ற ஊர்களில் தங்கினால், ஒரு நாள் படகில் பவளத்துக்கும் மறுநாள் சாலை வழியே காக்ஸ்கோம்ப் சரணாலயத்துக்கும் அறையை மாற்றாமலே போய்வரலாம். அந்தச் சரணாலயம் ஜாகுவாருக்கென்று அமைக்கப்பட்டது. ஜாகுவார் கண்ணில் படுவது மிக அரிது. ஈர மண்ணில் அதன் காலடித் தடத்தைக் காண்பதற்கு வாய்ப்பு அதிகம். ஜூன் முதல் நவம்பர் வரை கரீபியக் கடலின் புயல் காலம் என்பதால் அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை போர்னியோ தீவின் வடகிழக்கு மூலையான மலேசியாவின் சபா மாநிலத்தைப் பரிந்துரைப்பேன். கடலடியிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் செங்குத்தாக எழும் சிபடான் தீவு அங்கேதான் இருக்கிறது. அதன் கரையிலிருந்து சில அடி தூரத்திலேயே கடல் ஆழத்தில் இறங்கிவிடுகிறது. தீவில் இருந்த விடுதிகள் 2004-இல் அகற்றப்பட்டன. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற அனுமதிக் கட்டுப்பாடும் உண்டு. பல மாதங்களுக்கு முன்பே பதிந்தால்தான் இடம் கிடைக்கும். கரையோர ஊரான செம்போர்னாவிலிருந்து சிபடானையும் அதன் அண்டைத் தீவுகளையும் பார்த்துவிட்டு, லஹாட் டத்து வழியாகச் சாலையிலேயே டானும் பள்ளத்தாக்குக்குப் போய்விடலாம். வெப்பமண்டலத்தில் இதுவரை அளக்கப்பட்டவற்றுள் மிக உயரமானதென 2019-இல் அறிவிக்கப்பட்ட 100.8 மீட்டர் உயர மெராந்தி மரம் நிற்கும் காடு அது. கிழக்குச் சபாவின் கடற்கரைக்குப் பல நாடுகள் பாதுகாப்பு அறிவுரை வெளியிட்டிருக்கின்றன. உங்கள் அரசின் அறிவுரையை, பணம் கட்டுவதற்கு முன்பு ஒருமுறையும் புறப்படும் வாரத்தில் ஒருமுறையும் படித்துவிடுங்கள்.

ஜூன் முதல் அக்டோபர் வரை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தும் நல்ல தேர்வு. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள பெருந்தடுப்புப் பவளத்தொடர் 1981-இலும், அதன் கரையோர ஈர வெப்பமண்டலக் காடுகள் 1988-இலும் தனித்தனியாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. கேப் டிரிபியூலேஷன் என்ற இடத்தில் காடு மணல்வரை இறங்கி வர, அலைகளுக்கு அப்பால் பவளம் தொடங்குகிறது. நவம்பர் முதல் மே வரை அந்தக் கரையோரக் கடலில் பெட்டி ஜெல்லிமீன்கள் வரும். அவற்றின் கொட்டு உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால், உடல் முழுவதையும் மூடும் மெல்லிய உடை இல்லாமல் அப்போது யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. முதலைகளோ ஆண்டு முழுவதும் ஆற்று முகத்துவாரங்களில் இருக்கும். எச்சரிக்கைப் பலகை இல்லையென்பதற்காக அங்கே குளிக்க இறங்காதீர்கள்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை தாய்லாந்தின் மேற்குக் கரையில் காவோ லாக்கைத் தங்குமிடமாகக் கொண்டு, சிமிலான் தீவுகளையும் காவோ சோக் காட்டையும் இணைக்கலாம். சிமிலான் மே நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை மூடப்பட்டிருக்கும். இதே பருவத்தில் இந்தோனேசியாவின் ராஜா அம்பட் தீவுக்கூட்டமும் அமைதியான கடலோடு இருக்கும். உலகில் அறியப்பட்ட பவள இனங்களில் முக்கால் பங்கு அங்கே காணப்படுகின்றன. தீவுக் காடுகளில் சொர்க்கப் பறவைகள் ஆடுகின்றன. ஆனால் பயண நேரமும் அலைச்சலும் அதிகம், மலேரியாவும் உண்டு. முதல் பயணத்துக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

இரண்டு வாரத்தில் இரண்டு நாடுகளைச் சேர்க்க வேண்டாம் என்று மட்டும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வோர் இடமாற்றமும் ஒரு முழு நாளை விழுங்கும். ஒரே நாடு, இரண்டு தங்குமிடம், நடுவில் எந்தத் திட்டமும் இல்லாத ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றால் ஒரு நாள் படகு நின்றுபோனால் அந்த வெற்று நாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

கேள்வி: நாங்கள் நண்பர்கள் நால்வர், எல்லோரும் ஸ்கூபா (காற்று உருளையோடு முக்குளித்தல்) சான்றிதழ் பெற்றவர்கள். முதலில் காட்டில் நடந்து களைத்துவிட்டு, கடைசி நாட்களைக் கடலில் கழித்துத் திரும்பலாம் என்பது எங்கள் திட்டம். பயண முகவர் ஒருவர் இதை மாற்றச் சொல்கிறார். ஏன்?

பதில்: முகவர் சொல்வது சரி. கடலை முதலிலும் காட்டை இரண்டாவதாகவும் வையுங்கள்.

ஆழத்தில் அழுத்தமேறிய காற்றைச் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்கிவிடுகிறது. மேலே வந்த பிறகு அது மூச்சின் வழியாக மெல்ல வெளியேற வேண்டும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போய்விட்டால் கரைந்திருந்த வாயு உடலுக்குள்ளேயே குமிழிகளாகப் பிரிந்து, மூட்டுவலி, மரத்துப்போதல், தோலில் திட்டுகள் என்று தொடங்கி, முதுகுத்தண்டைப் பாதித்து நடக்க முடியாமல் செய்யும் அளவுக்கும் போகலாம். விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். ஆகவே ஒரே ஒரு சாதாரண முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பல நாள் தொடர்ந்து முக்குளித்திருந்தால் குறைந்தது 18 மணி நேரமும், ஏறும் வழியில் நின்று நின்று அழுத்தம் குறைக்க வேண்டிய ஆழமான முக்குளிப்புகளுக்கு அதைவிடக் கணிசமாக அதிகமாகவும் காத்திருந்தே பறக்க வேண்டும் என்பது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்னும் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டல். நான் எல்லோருக்கும் 24 மணி நேரம் என்றே சொல்லிவிடுவேன். கணக்குப் போட்டு நெருக்கிப் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

உங்கள் திட்டப்படி கடைசி நாட்கள் கடலில் என்றால், கடைசி ஒரு முழு நாள் கரையில் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். திருப்பி வைத்தால் அந்தக் காத்திருப்பு காட்டுக்குப் போகும் சாலைப் பயணத்திலும் காட்டு நடையிலும் தானாகக் கழிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மலையும் விமானம் போலத்தான். சபாவில் முக்குளித்துவிட்டு மறுநாளே 4,095 மீட்டர் உயரக் கினபாலு மலையில் ஏறத் திட்டமிடுபவர்கள் இருக்கிறார்கள். குயின்ஸ்லாந்தில் படகிலிருந்து இறங்கியதும் ஆதர்ட்டன் மேட்டுநிலத்துக்கு வண்டியில் கிளம்புபவர்களும் உண்டு. இரண்டும் ஆபத்தானவை. தாழ்வான ஆற்றங்கரைக் காட்டுக்குப் போங்கள், மலையைப் பயணத்தின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. காட்டிலிருந்து வரும்போது முள் கிழித்த கீறல், அட்டை கடித்த இடம், காலணி உரசிய கொப்புளம் ஆகியவை இல்லாமல் வரமாட்டீர்கள். ஈரத்திலேயே ஊறிய அந்தப் புண்களோடு நாள்தோறும் மணிக்கணக்கில் கடலில் கிடந்தால் அவை ஆறாமல் சீழ்பிடிக்கும்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. கணவர் டைவிங் செய்கிறவர். நான் கூடப் போனால் படகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?

பதில்: வேண்டியதில்லை. பவளத்தின் அழகில் பெரும்பங்கு மேலிருந்து முதல் ஐந்து மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. பவள உயிரியின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியில் உணவு தயாரித்து அதற்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியைத் தருகின்றன. ஒளி எங்கே மிகுதியோ அங்கேதான் பவளமும் நெருக்கமாக வளர்கிறது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தான் என்பதால், உங்கள் கணவர் ஆழத்தில் நீலமாகப் பார்க்கும் அதே மீனை நீங்கள் மேலே மிதந்தபடி அதன் உண்மை நிறத்தில் பார்ப்பீர்கள்.

மிதவை உடை அணிந்து ஸ்நோர்கெலிங் (குழாயால் மூச்சுவிட்டபடி மேலே மிதந்து பார்ப்பது) செய்ய நீச்சல் கட்டாயமில்லை. ஆனால் முகமூடிக்குள் வாயால் மட்டும் மூச்சு விடுவது பழகாதவர்களுக்கு முதல் சில நிமிடங்களில் பதற்றம் தரும். ஆகவே புறப்படுவதற்கு முன் இடுப்பளவு தண்ணீருள்ள நீச்சல் குளத்தில் முகமூடியும் குழாயும் அணிந்து, முகத்தைத் தண்ணீரில் வைத்து நிதானமாக மூச்சுவிடப் பழகுங்கள். குழாயில் புகுந்த தண்ணீரை ஊதி வெளியேற்றவும் கற்றுக்கொள்ளுங்கள். முகமூடியைச் சொந்தமாக வாங்கிக்கொள்வது நல்லது. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுத்தால் அது விழாமல் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாவிட்டால் அது உங்கள் முகத்துக்கானது இல்லை. கடலில் இறங்கும்போது துணைக்கு ஒரு வழிகாட்டி தண்ணீரிலேயே உங்களுடன் இருப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். பயந்தாலும் பவளத்தின் மேல் காலை ஊன்றி நின்றுவிடாதீர்கள். உருண்டையான பாறைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. ஒரு மிதியில் போவது பல ஆண்டு வளர்ச்சி. உங்கள் பாதத்திலும் ஆழமான கீறல் விழும்.

கேள்வி: விடுமுறையிலேயே ஸ்கூபா கற்றுக்கொண்டுவிடலாமா?

பதில்: அடிப்படைப் பயிற்சிக்கு மூன்று நான்கு நாட்கள் ஆகும். பாடத்தையும் குளப் பயிற்சியையும் வீட்டருகிலேயே முடித்துவிட்டு, கடலில் செய்ய வேண்டிய பகுதியை மட்டும் அங்கே வைத்துக்கொண்டால் விடுமுறையின் நல்ல நாட்கள் வகுப்பறையில் போகாது. அடிப்படைச் சான்றிதழ் 18 மீட்டர் ஆழம் வரை அனுமதிக்கும். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, அண்மைய அறுவை சிகிச்சை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரின் எழுத்துச் சான்று கேட்பார்கள். அதை மறைத்துப் படிவத்தை நிரப்புவது உயிரோடு விளையாடுவதாகும். கர்ப்பிணிகள் ஸ்கூபா செய்யவே கூடாது.

கேள்வி: மழைக்காட்டுக்குப் போய்வந்த உறவினர்கள், மூன்று நாள் நடந்தும் மரத்தைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லை என்கிறார்கள். கடலில் இறங்கினால் நூறு மீன் தெரிகிறது. காட்டில் எதற்குப் பணத்தைக் கொட்ட வேண்டும்?

பதில்: உறவினர்கள் சொன்னது பொய்யாக இருக்காது. திறந்தவெளிப் புல்வெளியில் யானைக் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மழைக்காடு வெறுமையாகவே தோன்றும். அங்கே வாழ்வின் பெரும்பகுதி தலைக்கு மேலே 30, 40 மீட்டர் உயரத்தில், இலைக் கூரைக்குள் நடக்கிறது. தரையில் நடப்பவர்கள் அதன் அடியில் நடந்துகொண்டிருக்கிறார்கள். ஆகவே காட்டில் எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதைவிட எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் நின்றோம் என்பதே முக்கியம்.

வழிகாட்டியிடம் முதல் நாளே ஒரு கேள்வி கேளுங்கள்: இப்போது எந்த அத்தி மரம் பழுத்திருக்கிறது? போர்னியோ போன்ற காடுகளில் மற்ற மரங்கள் பலவும் ஆண்டுக்கணக்கில் காய்க்காமல் இருந்துவிட்டு ஒன்றுசேர்ந்து காய்க்கும். அத்தி மரங்கள் அப்படிக் காத்திருப்பதில்லை. ஒவ்வொரு மரமும் தன் போக்கில் பழுப்பதால் ஏதாவதொரு மரத்தில் எப்போதும் பழம் இருக்கும். பழுத்த மரத்தடியை அடைந்தால் தரையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்: பாதி கடித்த பழங்களும், பல் பதிந்த தோல்களும், பழச்சாற்றின் புளித்த வாசமும் இருக்கும். அங்கே உட்கார்ந்துவிடுங்கள். சிறிது நேரத்தில் மேலிருந்து பழங்கள் இலைகளில் பட்டுப் பட்டென்று விழத் தொடங்கும். நிமிர்ந்து பார்த்தால் முதலில் ஒரு கிளை மட்டும் காற்றில்லாமல் அசைவது தெரியும். பிறகு செம்பழுப்பு மயிர் மூடிய ஒரு நீண்ட கை, அதன் பின்னால் உராங்குட்டானின் முகம். இருவாச்சிகள் வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே காதில் விழும். அவற்றின் இறக்கையின் அடியில் மற்றப் பறவைகளுக்கு இருப்பதைப் போன்ற மூடிறகுகள் இல்லாததால், பறக்கும் சிறகுகளின் இடையே காற்று புகுந்து பெரிதாக இரைகிறது. காலை முதல் மதியம் வரை அப்படி ஒரே மரத்தடியில் இருந்தவர்கள், நாள் முழுவதும் வேகமாக நடந்தவர்களைவிட அதிகம் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

இரவு நடையைத் தவறவிடாதீர்கள். தலைவிளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு மெல்லப் பார்வையைத் திருப்பினால், தரையில் பனித்துளி போல மின்னுபவை சிலந்திகளின் கண்கள் என்பது குனிந்து பார்த்தபின் புரியும். விலங்கைக் கண்டதும் வெளிச்சத்தை நேரே முகத்தில் அடிக்க வேண்டாம்.

நடக்க முடியாதவர்களுக்கு ஆறு உண்டு. சபாவின் 560 கிலோமீட்டர் நீளக் கினபடாங்கான் ஆற்றில் விடியற்காலையிலும் மாலையிலும் படகில் போனால், நீள்மூக்குக் குரங்குகள் இரவு தங்கக் கரையோர மரங்களுக்குக் கூட்டமாக வந்து சேர்வதைக் காணலாம். வாய்ப்பிருந்தால் போர்னியோவின் சிறிய யானைகளும் தென்படும். அங்கே இவ்வளவு விலங்குகளை இவ்வளவு எளிதில் பார்க்க முடிவதற்கு ஒரு வேதனையான காரணம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆற்றின் இருபுறமும் பரந்திருந்த காடு எண்ணெய்ப்பனைத் தோட்டமாகிவிட்டதால், எஞ்சிய விலங்குகள் கரையோர மெல்லிய காட்டுப் பட்டையில் ஒதுங்கி வாழ்கின்றன. டானும் பள்ளத்தாக்கில் காடு முழுமையாக இருக்கிறது, அதனால் விலங்கைத் தேட வேண்டியிருக்கிறது. இரண்டையும் பார்க்க நாள் இருந்தால் பாருங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் நான் டானுமைத் தேர்வேன்.

கேள்வி: மலேரியா மாத்திரை போட்டுக்கொண்டால் டைவிங் செய்யக் கூடாது என்று ஒரு நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா?

பதில்: எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. மெஃப்ளோகுயின் சிலருக்குத் தலைச்சுற்றலும் மனக்குழப்பமும் தருவதால் முக்குளிப்பவர்களுக்கு ஏற்றதல்ல. அந்தத் தலைச்சுற்றலை, உடலில் வாயுக் குமிழிகளால் வரும் அழுத்த நோயின் அறிகுறியிலிருந்து பிரித்தறிவதும் கடினம். டாக்ஸிசைக்ளின் எடுத்துக்கொள்பவர்களின் தோல் வெயிலில் எளிதில் கன்றிவிடும். நாளெல்லாம் படகில் இருப்பவர்களுக்கு அது பெரிய தொல்லை. அடோவாகுவோன்–புரோகுவானில் இந்த இரண்டு சிக்கலும் குறைவான மருந்து. பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பியபின் ஏழு நாள் வரை எடுக்க வேண்டும். உங்கள் உடல்நிலைக்கும் நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளுக்கும் எது ஒத்துவரும் என்பதை மருத்துவர் சொல்லட்டும். முக்குளிக்கப் போகிறேன் என்பதை அவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

மாத்திரை எல்லா இடத்துக்கும் தேவையில்லை. பெலீஸ் 2023-இல் மலேரியா இல்லாத நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. இந்தோனேசியாவின் பப்புவா பகுதியில் மலேரியா இன்றும் கடுமையாக இருக்கிறது. சபாவில் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்குத் தொற்றும் ஒருவகை மலேரியா உண்டு. காட்டுக்குள் தங்குபவர்கள் அதை நினைவில் வைக்க வேண்டும்.

கொசுவைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டு ஆற்றை மறந்துவிடுகிறோம். 2000-ஆம் ஆண்டு சபாவில் நடந்த பன்னாட்டுச் சாகசப் பந்தயத்தில் கலந்துகொண்டவர்கள் பலர் ஊர் திரும்பியபின் காய்ச்சலில் விழுந்தார்கள். விசாரித்தபோது அது எலிக்காய்ச்சல் என்றும், செகாமா ஆற்றில் நீந்தியதோடு அதற்குத் தொடர்பு இருப்பதாகவும் தெரியவந்தது. விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து புண், கண், வாய் வழியாக அக்கிருமி நுழைகிறது. பெருமழைக்குப் பின் கலங்கி ஓடும் ஆற்றில் குளிக்காதீர்கள். கீறல்களைத் தண்ணீர் புகாத ஒட்டுப்பட்டையால் மூடுங்கள். திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று வீட்டிலேயே படுத்திருக்காமல், எந்தக் காட்டில் எந்தத் தேதியில் இருந்தீர்கள், ஆற்றில் இறங்கினீர்களா என்பதையெல்லாம் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கடலுக்கும் காட்டுக்கும் தனித்தனியாகச் சாமான் எடுத்தால் பெட்டி தாங்காது போலிருக்கிறதே?

பதில்: இரண்டுக்கும் பொதுவாக உதவுபவற்றை முதலில் எடுங்கள். முழுக்கைச் சட்டையைப் போன்ற நீச்சல் மேலாடை கடலில் வெயிலைத் தடுக்கும், ஜெல்லிமீன் இழைகளிலிருந்து காக்கும். காட்டில் உள்ளாடையாக அணிந்தால் விரைவில் காயும். தண்ணீர் புகாத சுருட்டுப் பையும் தலைவிளக்கும் அப்படியே. பருத்தி கால்சட்டையை விட்டுவிட்டுப் போங்கள், அங்கே அது காயவே காயாது.

காட்டில் விலையுயர்ந்த நடைக்காலணி கட்டாயமில்லை. போர்னியோவின் மலை வழிகாட்டிகளும் சுமைதூக்குபவர்களும் அணிவது அடியில் முள் வைத்த சாதாரண ரப்பர் காலணி. நனைந்தாலும் உதறினால் போதும், வழுக்குப் பாறையில் பிடித்து நிற்கும். அதோடு முழங்கால்வரை வரும் நெருக்க நெய்த அட்டைக் காலுறை ஒரு சோடி வேண்டும். அட்டை கடித்துவிட்டால் நெருப்பு வைக்காதீர்கள். அதன் வாய்ப்பக்கம் விரல் நகத்தைத் தோலோடு சேர்த்துச் செருகித் தள்ளினால் விடும். இரத்தம் உறையாமல் செய்யும் பொருள் அதன் உமிழ்நீரில் இருப்பதால் கசிவு நெடுநேரம் நீடிக்கும். அழுத்திக் கட்டுங்கள், அஞ்ச வேண்டாம்.

கொசு விரட்டியில் ஒரு கவனம் தேவை. டீட் கலந்த களிம்பு பிளாஸ்டிக்கை இளக்கும். அதைத் தடவிய கையோடு முகமூடியையோ கடிகாரத்தையோ தொட்டால் அவை கெட்டுவிடும். பிகாரிடின் கலந்தது அப்படிச் செய்வதில்லை. வெயில் களிம்புகளில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்தவற்றுக்குப் பசிபிக் தீவு நாடான பலாவில் 2020 முதலும் ஹவாயில் 2021 முதலும் தடை இருக்கிறது. பவளத்துக்கு மேல் நீந்தப் போகிறவர்கள் சட்டம் இல்லாத இடத்திலும் அவற்றைத் தவிர்த்துவிட்டு, உடம்பைத் துணியால் மூடிக்கொண்டு, முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் துத்தநாக ஆக்ஸைடு கலந்த களிம்பைத் தடவினால் போதுமானது.

கேள்வி: எட்டு வயது மகனையும் பன்னிரண்டு வயது மகளையும் அழைத்துப் போகலாமா?

பதில்: தாராளமாக. மகள் சிறார் ஸ்கூபா சான்றிதழ் பெறலாம், அதற்குக் குறைந்தபட்ச வயது 10. மகனுக்கு ஸ்நோர்கெலிங் போதும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் சபாவைவிடக் குயின்ஸ்லாந்து எளிது. அங்கே மலேரியாவும் இல்லை, மருத்துவமனையும் அருகில் இருக்கும்.

கேள்வி: பவளமெல்லாம் வெளுத்து அழிந்துகொண்டிருக்கிறது என்று படிக்கிறோம். இந்த நிலையில் விமானமேறிப் போய் அதைப் பார்ப்பது சரியா? பார்க்க ஏதாவது மிஞ்சியிருக்குமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிடக் கடல்நீர் ஒரு டிகிரி அளவுக்குக் கூடுதலாகச் சில வாரம் நீடித்தாலே பவளம் தன்னுள் வாழும் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துவிடுகிறது. வெளுத்த பவளம் அப்போதே இறந்துவிடுவதில்லை. நீர் விரைவில் குளிர்ந்தால் பிழைக்கும், வெப்பம் நீடித்தால் பட்டினியால் சாகும். 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளுப்பு அறிவிக்கப்பட்டது. 2023-இல் தொடங்கிய அதில் உலகப் பவளப் பரப்பின் ஏறத்தாழ 84 விழுக்காடு வெப்பத்தின் தாக்கத்துக்கு உள்ளானது. பெருந்தடுப்புத் தொடர் 2016 முதல் 2024 வரையிலான ஒன்பது ஆண்டுகளில் ஐந்து முறை பேரளவில் வெளுத்தது. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒரே தொடரிலேயே குளிர்ந்த நீரோட்டம் மேலெழும் இடங்களும் ஆழமான சரிவுகளும் உயிரோடு இருக்கின்றன, பக்கத்திலுள்ள ஆழம் குறைந்த பகுதி பாழாகியிருக்கக்கூடும். எனவே பதிவு செய்யும் முன், எந்தப் பகுதிக்குப் படகு போகிறது, கடந்த ஆறு மாதத்தில் அங்கே பவளத்தின் நிலை என்ன என்று படகு நடத்துபவரிடம் நேரடியாகக் கேளுங்கள். நேர்மையானவர்கள் மறைக்காமல் சொல்வார்கள்; மழுப்புகிறவர்களிடம் போகாதீர்கள்.

போவது சரியா என்பதற்கு, விமானப் பயணம் வெப்பத்தைக் கூட்டுகிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் பதில் சொல்ல முடியும். ஆண்டுதோறும் குறுகிய பயணங்கள் போவதைவிட, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீண்டதாக ஒன்று போங்கள். அங்கே செலவிடும் பணம் காப்பகக் கட்டணமாகவும் உள்ளூர் வழிகாட்டிகளின் கூலியாகவும் போய்ச் சேரும் இடங்களைத் தேர்ந்தெடுங்கள். பவளத்தைப் பார்க்க ஆள் வருவதால்தான் மீனவர்கள் சிலர் வலையை விட்டுவிட்டுப் படகோட்டிகளாகவும் வழிகாட்டிகளாகவும் மாறியிருக்கிறார்கள். நங்கூரத்தைப் பவளத்தின் மேல் போடாமல் நிலையான மிதவையில் கட்டும் படகா, மீனுக்குத் தீனி போடாத நடத்துநரா என்பதைப் பார்த்துப் பணம் கொடுங்கள்.

நேரம் இருந்தால் கடலுக்கும் காட்டுக்கும் நடுவே இருக்கும் அலையாத்திக் காட்டிலும் ஒரு மாலை படகில் போய்வாருங்கள். மேலேயுள்ள காடு அழிந்தால் வரும் வண்டலைப் பெருமளவு பிடித்து நிறுத்துவது அந்த வேர்கள்தான்; பவளத்தில் நீங்கள் பார்க்கும் மீன்களில் பல குஞ்சுப் பருவத்தை அந்த வேர்களிடையே கழித்தவை. சுற்றுலாத் திட்டங்களில் அதற்கு இடம் ஒதுக்குபவர்கள் குறைவு. நீங்கள் கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்து தருவார்கள்.

கேள்வி: சாதாரணப் பயணக் காப்பீடு போதுமா?

பதில்: பெரும்பாலும் போதாது. பாலிசியில் மூன்று இடங்களைப் பாருங்கள்: ஸ்கூபா சேர்க்கப்பட்டிருக்கிறதா, எத்தனை மீட்டர் ஆழம் வரை; அழுத்த நோய் வந்தவரை உயர் அழுத்தத்தில் வைத்துக் குணப்படுத்தும் அழுத்த அறைச் சிகிச்சைக்குப் பணம் தருவார்களா; தீவிலிருந்தோ காட்டிலிருந்தோ ஹெலிகாப்டரிலோ படகிலோ மீட்டுக் கொண்டுவரும் செலவு உள்ளடங்குமா. 18 மீட்டர் சான்றிதழ் வைத்திருப்பவர் 30 மீட்டரில் விபத்துக்குள்ளானால் பல நிறுவனங்கள் பணம் தர மறுத்துவிடும். அருகிலுள்ள அழுத்த அறை எந்த ஊரில் இருக்கிறது, அங்கே போய்ச்சேர எத்தனை மணி நேரமாகும் என்பதைப் படகு நடத்துபவரிடம் கேட்டு, காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண்ணோடு சேர்த்து ஒரு தாளில் எழுதி, உடன் வருபவரிடமும் ஒரு படி கொடுத்துவைக்கவும். பவளத்தீவுகளிலும் காட்டிலும் கைப்பேசிக்கு இணைப்பு இருக்கும் என்று நம்பிப் போக முடியாது.